ஹைதராபாத் சொல்லும் தூரம், இன்ஜின் சொல்லும் லிட்டர்

வங்கக் கடலில் மீன் எங்கே கூடும் என்ற கணிப்பு, கடலே இல்லாத ஹைதராபாத்திலிருந்து வருகிறது. 1999இல் தொடங்கப்பட்ட இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், சுருக்கமாக இன்காய்ஸ், அந்நகரின் பிரகதி நகர்ப் பகுதியில் இயங்குகிறது. கடற்பரப்பின் வெப்பத்தையும் நீரிலுள்ள பச்சையத்தையும் செயற்கைக்கோள் வழியாக அளந்து, மீன் கூட வாய்ப்புள்ள இடங்களை அது அறிவிக்கிறது. வானத்தை மேகம் மூடிய நாட்களிலும் மீன்பிடித் தடைக்காலத்திலும் அறிவிப்பு வராது. மற்ற நாட்களில் இறங்குதளத்தின் பெயர், திசை, கிலோமீட்டரில் தூரம், ஆழம், அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் கைக்கு வந்துவிடும். அங்கே போய்த் திரும்ப எத்தனை லிட்டர் எரிபொருள் ஆகும் என்பதை மட்டும் உங்கள் இன்ஜினிடம்தான் கேட்க வேண்டும்.

அவுட்போர்டு இன்ஜினை, கடல் வரைபடத்தில் படகின் இடத்தைக் காட்டும் திரையான சார்ட் பிளாட்டரோடு இணைக்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் ஆர்பிஎம் முள்ளைத் திரையில் பார்க்கத்தான் ஆசைப்படுகிறார்கள். அதற்காக ஒரு ரூபாயும் செலவழிக்க வேண்டாம் என்பது என் கருத்து. செலவுக்குத் தகுந்த எண் ஒன்றே ஒன்று: கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர். ஓர் எடுத்துக்காட்டு பாருங்கள். இன்ஜின் மணிக்கு 12 லிட்டர் குடிக்கிறது, படகு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்றால் கிலோமீட்டருக்கு 0.6 லிட்டர். 45 கிலோமீட்டர் போக 27, வர 27, ஆக 54 லிட்டர். போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, கைவசம் ஒரு பங்கு என்று வைத்தால் 81 லிட்டர் ஏற்ற வேண்டும். நீவாடு, அதாவது நீரோட்டம், எதிர்த்து வேகம் 15 ஆகக் குறைந்துவிட்டால் அதே ஆர்பிஎம்மில் கிலோமீட்டருக்கு 0.8 லிட்டர், ஒரு வழிக்கே 36. இன்ஜினில் பொருத்திய மானி இதைச் சொல்லாது, ஏனென்றால் படகு உண்மையில் எவ்வளவு நகர்ந்தது என்று அதற்குத் தெரியாது. எரிபொருள் செலவாகும் வேகம் இன்ஜினில் இருக்கிறது, படகின் வேகம் ஜிபிஎஸ்ஸில் இருக்கிறது. இரண்டும் சந்திக்கும் இடம் சார்ட் பிளாட்டர்.

முதலில் பார்க்க வேண்டியது திரையின் முதுகுப்பக்கம். இன்ஜின் தகவலைத் தாங்கிவரும் பொதுமொழி என்எம்இஏ 2000. கார்களில் உள்ள கேன் பஸ்ஸை அடிப்படையாகக் கொண்டது. வெவ்வேறு நிறுவனக் கருவிகள் ஒரே கம்பியில் பேசிக்கொள்ளும். பழைய என்எம்இஏ 0183 ஜிபிஎஸ் இடத்தையும் ஆழத்தையும் நன்றாகக் கடத்தும், எரிபொருள் கணக்குக்கு அதை நம்ப முடியாது. கார்மின் ஸ்ட்ரைக்கர், லோரன்ஸ் ஹூக் ரிவீல் போன்ற விலை குறைந்த மீன்காட்டிகளில் 2000க்கான துளையே கிடையாது. அப்படிப்பட்ட திரையை வாங்கிவிட்டால் பிறகு எந்தக் கம்பியும் உதவாது. ரேமரைன் திரைகள் சிலவற்றில் வேறு வடிவ இணைப்பி இருக்கும், ஆனால் உள்ளே ஓடுவது அதே மொழி. மாற்றுக் கம்பி ஒன்று போதும்.

இனி இன்ஜின். எரிபொருளைக் கணினி பீச்சும் ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின் உங்களிடம் இருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர். பீச்சுகுழாய் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதை வைத்தே அதன் கணினி செலவைக் கணக்கிட்டுவிடும், தனி உணரி வேண்டாம். ஹோண்டாவின் பல மாடல்களில் என்எம்இஏ 2000 வெளியீடு இன்ஜினிலேயே உண்டு. சுசுகிக்கு அந்நிறுவனத்தின் இணைப்புக் கம்பி வேண்டும். யமஹா தன் கமாண்ட் லிங்க் மொழியிலும், மெர்குரி தன் ஸ்மார்ட்கிராஃப்ட் மொழியிலும் பேசுகின்றன. இரண்டுக்கும் நடுவில் மொழிபெயர்க்கும் கேட்வே பெட்டி தேவை. யமஹா கம்பியை நேரடியாக 2000 கம்பியில் முறுக்கிவிடலாம் என்று யாராவது மெக்கானிக் சொன்னால் அனுமதிக்காதீர்கள். இன்ஜின் நிறுவனத்தின் சொந்தப் பெட்டியா, வெளியாள் செய்த பெட்டியா என்ற கேள்வியில் நான் சொந்தப் பெட்டியின் பக்கம். விலை கூடுதல்தான், ஆனால் உத்தரவாதக் காலத்தில் இன்ஜின் கம்பிக்கட்டை அறுத்து ஒட்டினால் வரும் தகராறு அதைவிடப் பெரிது. உத்தரவாதம் முடிந்த இன்ஜினுக்கு வெளியாள் பெட்டி வாங்கலாம், உங்கள் மாடல் எண் அதன் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்த பிறகு.

நம் கடற்கரையில் ஓடும் இன்ஜின்களில் பெரும்பங்கு இந்த வகை இல்லையே. கார்புரேட்டர் வைத்த டூ ஸ்ட்ரோக், அதிலும் மண்ணெண்ணெயில் ஓடுபவை ஏராளம். அவற்றில் கணினி கிடையாது, கேட்வே வாங்கிப் பயனில்லை. இங்கே இரண்டு வழிகள். ஒன்று, ஆக்டிசென்ஸ் இஎம்யூ-1 போன்ற மாற்றிப் பெட்டி. மானிகளுக்குப் போகும் மின்குறிகளைப் படித்து ஆர்பிஎம், வெப்பம், அழுத்தம் ஆகியவற்றைத் திரைக்கு அனுப்பும். எரிபொருள் ஓட்டத்தைப் பழைய இன்ஜினிலிருந்து அது கறந்து தராது என்பதால், நம் நோக்கத்துக்கு இது இரண்டாம் இடம். மற்றது, எரிபொருள் குழாயின் நடுவே வைக்கும் ஓட்டமானி. கார்மின் ஜிஎஃப்எஸ் 10, லோரன்ஸின் எரிபொருள் உணரி இவ்வகை. நேராக 2000 கம்பியில் சேரும், விலையும் கேட்வேயோடு ஒப்பிடத் தக்கது. பெட்ரோலில் ஓடும் பழைய இன்ஜினுக்கு இதையே எடுங்கள்.

மண்ணெண்ணெய் என்றால் நிதானம் வேண்டும். இந்த உணரிகள் பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டவை. பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றும் இன்ஜினில், இரு குழாய்களும் சேர்ந்த பிறகு உள்ள பகுதியில் வைத்தால்தான் முழுச் செலவும் கணக்கில் வரும். நிறுவனம் ஏற்காத எரிபொருளில் உணரியின் சக்கரம் எத்தனை நாள் தாங்கும் என்ற பொறுப்பும் உங்களுடையதாகிவிடுகிறது. இன்னொரு தடையைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: கயிறு இழுத்துக் கிளப்பும் இன்ஜின்களில் பல, பேட்டரியைச் சார்ஜ் செய்யாது. 2000 கம்பிக்கு 12 வோல்ட் வேண்டும், திரைக்கும் வேண்டும். கரையில் ஏற்றிய பேட்டரி நடுக்கடலில் சாய்ந்தால் வழிகாட்டியும் போய்விடும். ஆகவே கயிறு இழுக்கும் மண்ணெண்ணெய் இன்ஜினுக்கும், டீசல் லாங் டெயிலுக்கும் நான் சொல்வது மிக எளிமையானது. அளவுகோல் போட்ட கேன், கையடக்க ஜிபிஎஸ், ஒரு நோட்டு. ஒவ்வொரு முறையும் ஊற்றிய லிட்டரை ஓடிய கிலோமீட்டரால் வகுத்து எழுதுங்கள். சில வாரங்களில் கிடைக்கும் சராசரி, தவறாகப் பொருத்திய உணரியைவிட நம்பகமானது.

கைப்பேசி வழியும் உண்டு. மெர்குரி இன்ஜின்களுக்கு வெசல்வியூ மொபைல் என்ற பெட்டி புளூடூத்தில் தகவல் அனுப்பும். இன்காய்ஸ் 2019இல் கொண்டுவந்த ஜெமினி கருவியும், ககன் செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கையையும் மீன் இடங்களையும் வாங்கி, அதே புளூடூத்தில் கைப்பேசிக்குத்தான் தருகிறது. செல் டவர் எட்டாத தூரத்தில் அது பெரிய துணை. ஆனாலும் உப்புநீரில் நனைந்த விரலுக்கு இணங்காத கைப்பேசித் திரையை ஒரே கருவியாக நம்பிப் போகாதீர்கள். ஜெமினிக்கு வைத்துக்கொள்ளுங்கள், இன்ஜினுக்கு வேண்டாம்.

ஹைதராபாத்திலேயே படகு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹுசைன் சாகர் ஏரியில் லும்பினி பூங்காவிலிருந்து கிளம்பும் வேகப்படகுக்கோ, பாய்மரப் போட்டியில் கூடவே ஓடும் மீட்புப் படகுக்கோ சார்ட் பிளாட்டரே தேவையில்லை. எங்கு நின்றாலும் கரை தெரியும். அங்கே எதிரி ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக்கும். குளிர்நீர் உறிஞ்சும் துளையை அவை அடைத்தால் இன்ஜின் சூடேறி இறுகிவிடும். நீரழுத்த மானி, வெப்ப எச்சரிக்கை ஒலி, ஓடிய மணிநேரத்தைக் காட்டும் மீட்டர் ஆகியவற்றுக்குப் பணத்தைப் போடுங்கள்.

மீண்டும் கடல் படகுக்கு வருவோம். 2000 கம்பியைப் பொருத்தும்போது நடக்கும் கோளாறுகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் பிறக்கின்றன. முதுகெலும்பு எனப்படும் மையக் கம்பியின் இரு முனைகளிலும் 120 ஓம் மின்தடை கொண்ட முடிப்பி இருக்க வேண்டும், அதிலிருந்து கருவிகளுக்குப் பிரியும் கிளைக் கம்பி ஒவ்வொன்றும் 6 மீட்டருக்குள் இருக்க வேண்டும். மின்சாரத்தை அணைத்துவிட்டு இரு தகவல் கம்பிகளுக்கும் இடையே மல்டிமீட்டர் வையுங்கள். 60 ஓம் காட்டினால் சரி. 120 காட்டினால் ஒரு முடிப்பி இல்லை. இரட்டை இன்ஜின் படகில் ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொடுக்காவிட்டால் இரண்டின் அளவும் ஒரே முள்ளில் மாறி மாறித் துள்ளும்.

இன்காய்ஸ் இடத்தைத் திரையில் ஏற்றும்போதும் கவனம் தேவை. அவர்கள் பாகை, நிமிடம், விநாடி என்று தருகிறார்கள். பல திரைகள் நிமிடத்தைத் தசமத்தில் கேட்கும். 30 விநாடி என்பது 0.5 நிமிடம். அதை .30 என்று அடித்தால் வடக்கு தெற்காக ஏறக்குறைய 370 மீட்டர் தள்ளிப் போய்விடுவீர்கள்.

கடைசியாக அளவு திருத்தம். டாங்கியை முழுக்க நிரப்பி, திரையில் செலவுக் கணக்கைச் சுழியாக்கி ஓட்டுங்கள். திரும்ப நிரப்பும்போது பங்க் மீட்டருக்கும் திரைக்கும் உள்ள வித்தியாசத்தை அமைப்பில் ஏற்றுங்கள். இதைக் கரையோரம் வெறும் படகில் செய்து முடித்துவிட்டதாக எண்ண வேண்டாம். ஐஸும் வலையும் ஏற்றிப் போகும்போது ஓர் எண் வரும், மீனோடு திரும்பும்போது வேறோர் எண் வரும். இரண்டையும் குறித்து, பெரியதை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுங்கள்.