மண்ணைப் பேணுதல்

புதுவை நகர் வங்கக் கடலோரத்தில் அமைந்துள்ளது. 1826ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் இந்நகரில் தாவரவியல் பூங்கா ஒன்றை நிறுவினர். கடல்கடந்த நாடுகளின் மரங்களும் அங்கே தழைத்து நிற்கின்றன. பேணுவார் இருப்பின் அயல்நாட்டு மரமும் இங்கு வேரூன்றும் என்பதற்கு அப்பூங்கா சான்றாகும். வீட்டுத் தோட்டத்திற்கும் அப்பேணுதலே முதல் தேவை.

கடலோரத்து மணற்பாங்கான மண்ணில் நீர் தங்குவதில்லை. வடகிழக்குப் பருவமழை பொழியுங்கால், செடிகளுக்குரிய சத்துக்கள் நீரில் கரைந்து, வேருக்கு எட்டாத ஆழத்திற்குச் சென்றுவிடும். 2024ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வீசிய பெஞ்சல் புயலின்போது, ஒரே நாளில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழை இந்நகரில் பெய்தது. இத்தகைய மழைக்குப்பின் மண் மெலிதல் இயல்பே.

மெலிந்த மண்ணுக்கு உணவு எது? தோட்டத்தில் உதிரும் சருகே அது. சிலர் அதனைக் குவித்து எரிப்பர். சத்திற் பெரும்பகுதி புகையாய்ப் போகும். அச்சருகையே குழியிலிட்டு, சாணமும் காய்கறித் தோலும் சேர்த்து, நீர் தெளித்து மூடிவைப்பின், சில திங்களில் மக்கி எருவாகும். அவ்வெரு மணலிடையே கலந்து நீரையும் சத்தையும் பிடித்து நிறுத்தும்; மண்புழுக்களும் பெருகும்.

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது பழமொழி. அப்பட்டத்தில் அவரையும் கத்தரியும் வெண்டையும் இடலாம். அவரையினச் செடிகளின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரசனை உரமாக்கித் தரும். ஆதலின், ஒரே பாத்தியில் ஒரே பயிரை மீண்டும் மீண்டும் இடாது, அவரையை மாற்றிமாற்றி இடுதல் நன்று. மழைக்கு முன்னர் வெற்றுமண்ணைச் சருகால் மூடுதலும் வேண்டும்.

மண்ணிடம் பெற்றதை மண்ணுக்கே மீட்டளிப்பவன் தோட்டம் என்றும் வறுமையுறாது.