கூகுள் இல்லாத கைபேசியும் வங்கிச் செயலியும்

ஷாவ்மியின் ரெட்மி 2 பிரைம் கைபேசி 2015 ஆகஸ்டில் வெளிவந்தது. அது உருவான ஸ்ரீசிட்டி, அன்று சித்தூர் மாவட்டத்தில் இருந்தது; 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் உள்ளது. கருவி நம் வட்டாரத்தில் உருவாயினும், அதனுள் இருந்தவை கூகுளின் செயலிகளே. நாம் செல்லுமிடத்தையும் தேடும் சொல்லையும் அவை சேகரிப்பதை விரும்பாதோர் லினியேஜ்ஓஎஸ், கிராஃபீன்ஓஎஸ் முதலிய திறந்தமூல இயங்குதளங்களை நாடுகின்றனர். விருப்பம் நியாயமானதே.

ஆயினும், வாங்குமுன் வங்கிச் செயலியை நினைவிற்கொள்ள வேண்டும். இயங்குதளம் மாற்றப்பட்டுள்ளதா என்பதைப் பல வங்கிச் செயலிகள் சோதிக்கின்றன. லினியேஜ்ஓஎஸ் நிறுவுவதற்குக் கைபேசியின் பூட்லோடர் என்னும் தொடக்கப் பூட்டைத் திறக்கவேண்டும். பெரும்பாலும் அது பின்னரும் திறந்தே இருக்கும். அதைக் கண்டு செயலி இயங்க மறுத்தால், திருப்பதி மருத்துவமனை ஒன்றின் கட்டண முகப்பில் நாம் கையைப் பிசைந்து நிற்க நேரும். கிராஃபீன்ஓஎஸ்ஸில் பூட்டை மீண்டும் இடலாம். ஆனால் கூகுளிடமிருந்து விலக, கூகுளின் பிக்சல் கைபேசியையே வாங்கவேண்டும் என்பது ஒரு வேடிக்கை! அதிலும் சில வங்கிச் செயலிகள் இயங்குவதில்லை.

பிளே ஸ்டோர் இல்லையென்று, வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பிலிருந்து வங்கிச் செயலியை நிறுவுவது பேராபத்து. கூகுளின் பார்வைக்குத் தப்பிய கணக்கு திருடர் கைக்குப் போய்விடும்.

ஆகவே, பழைய கைபேசி ஒன்றில் முதலில் சோதித்துப் பார்க்கலாம். அதுவரை, வங்கியில் பதிவான சிம் அட்டையையும் யுபிஐ செயலியையும் மாற்றம் செய்யாத கைபேசியிலேயே வைத்திருப்போம். சாதாரணக் கைபேசி வைத்திருப்போர்க்கு *99# சேவையும், 2022 மார்ச்சில் தொடங்கிய யுபிஐ 123பே சேவையும் உள்ளன.