ஸ்கேனில் டிஸ்க் கறுத்திருந்தால் ஆபரேஷனா?

கேள்வி: எனக்கு வயது 43. லாரி ஓட்டுகிறேன். சில மாதங்களாக இடுப்பு வலி. வலது காலிலும் சுரீரென்று இழுக்கிறது. எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் 'எல்4-எல்5, எல்5-எஸ்1 டிஸ்க் பல்ஜ்' என்று இருக்கிறது. ஃபிலிமில் இரண்டு டிஸ்க்குகள் கறுப்பாகத் தெரிகின்றன. ஆபரேஷன் செய்தே ஆக வேண்டுமா?
- வாசகர், நாமக்கல்

பதில்: டிஸ்க் கறுத்திருப்பதை மட்டும் வைத்து யாரும் ஆபரேஷனை முடிவு செய்வதில்லை. பயப்படாதீர்கள்.

பக்கவாட்டுப் படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டம் கட்டமாக அடுக்கியிருப்பவை முள்ளெலும்புகள், இடையில் இருப்பவை டிஸ்க்குகள். பின்னால் மேலிருந்து கீழே இறங்கும் பட்டை, தண்டுவட நீர். அந்த நீர் வெள்ளையாகத் தெரியும் படமே 'டி2'. டிஸ்க்கின் நிறத்தை அதில்தான் பார்க்க வேண்டும். நல்ல டிஸ்க்கின் நடுவே நுங்கு போல நீர்ச்சத்து நிறைந்திருக்கும். அதனால் வெளுப்பாகத் தெரியும். வயது ஏற ஏற நீர் வற்றி, டிஸ்க் கறுக்கும்.

நிறத்தைவிட விளிம்பு முக்கியம். சுற்றிலும் பரவலாகப் புடைத்திருந்தால் 'பல்ஜ்'. ஒரு பக்கமாகப் பிதுங்கி, அடி அகலமாக இருந்தால் 'ப்ரொட்ரூஷன்'. அடி குறுகி வெளியே பெருத்திருந்தால் 'எக்ஸ்ட்ரூஷன்'. 1994-இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்த ஆய்வில், முதுகு வலியே இல்லாத 98 பேருக்கு ஸ்கேன் எடுத்தார்கள். அவர்களில் 52 சதவீதம் பேருக்கு ஒரு டிஸ்க்கிலாவது பல்ஜ் இருந்தது!

அதனால் படமும் உங்கள் காலும் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்று பார்க்க வேண்டும். குறுக்குவெட்டுப் படத்தில் உங்கள் வலப்பக்கம், ஃபிலிமின் இடப்பக்கத்தில் வரும். அங்கே நரம்பு அழுந்தியிருக்கிறதா என்று டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். எல்4-எல்5 டிஸ்க் பிதுங்கினால் பெரும்பாலும் எல்5 நரம்பு அழுந்தும். வலி பாதத்தின் மேற்புறம்வரை இறங்கும், கட்டைவிரலை மேலே தூக்கும் பலம் குறையும். எல்5-எஸ்1 என்றால் எஸ்1 நரம்பு. வலி கெண்டைக்கால் வழியாகப் பாதத்தின் வெளி ஓரத்துக்கு வரும், நுனிக்காலில் நிற்பது சிரமமாகும். படத்தின்படி உங்கள் உடலின் இடப்பக்க நரம்பு அழுந்தியிருந்து, உங்களுக்கு வலிப்பது வலது கால் என்றால், காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும்.

பெரும்பாலானோருக்கு மருந்து, உடற்பயிற்சி, பிசியோதெரபியிலேயே குணமாகிவிடுகிறது. பிதுங்கிய டிஸ்க் தானாகவே சுருங்குவதும் உண்டு. இவற்றுக்கும் கால் வலி அடங்காமல், படமும் பொருந்தினால்தான் ஆபரேஷனைப் பற்றிப் பேச வேண்டும். ஆனால் சிறுநீர் பிரியாமல் அடைத்தாலோ, மலம் கட்டுப்பாடில்லாமல் போனாலோ, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போனாலோ, பாதம் தூக்க முடியாமல் தொங்கினாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது ரிப்போர்ட்டோடு ஃபிலிமையும் கையில் எடுத்துச் செல்லுங்கள். வலி எங்கே தொடங்கி எந்த விரலில் முடிகிறது என்று தொட்டுக் காட்டுங்கள். அதுவரை ஒரே மூச்சில் ஓட்டாமல், அவ்வப்போது வண்டியை நிறுத்தி இறங்கி நடங்கள். பாரம் ஏற்றி இறக்கும் வேலையில் கை வைக்காதீர்கள்.