நால்வர் சுமந்த படுக்கை

வேதபகுதி: மாற்கு 2:1-12



இந்த இதழின் வேதபாடத்தில் ஒருவகைப் பிள்ளைகளைப்பற்றி உங்களோடு தியானிக்க விரும்புகிறோம். இவர்கள் வகுப்பில் ஒரு இடத்தில் உட்காரமாட்டார்கள். சொன்னதை முடிக்கமாட்டார்கள். கேள்வி முடியும் முன்னே பதிலைச் சொல்லிவிடுவார்கள். ஞாயிறு பள்ளியில் ஆசிரியையின் பொறுமையைச் சோதிப்பார்கள். மருத்துவர்கள் இந்நிலையை 'கவனக்குறைவு, மிகைச் செயல்பாட்டுக் குறைபாடு' என்றும், சுருக்கமாக ஏ.டி.எச்.டி. என்றும் சொல்லுகிறார்கள்.

முதலாவது எங்கள் தவறை அறிக்கையிடுகிறோம். சில ஆண்டுகளுக்குமுன் பீடி சுற்றும் ஒரு தாய் தன் எட்டு வயது மகனோடு மருத்துவமனைச் சிற்றாலயத்துக்கு வந்தார்கள். இரண்டு பள்ளிகளில் பையனை அழைத்துப்போகச் சொல்லிவிட்டார்கள். "ஐயா, இவனுக்காக ஜெபம் பண்ணுங்க" என்றார்கள். தலையில் கைவைத்து ஜெபித்தோம். அதோடு நிறுத்தியிருக்கலாம். பிரம்பைக் கையாடாத தகப்பனைப்பற்றி நீதிமொழிகளில் சொல்லப்பட்டிருப்பதை எடுத்துச்சொல்லி, கண்டிப்பாய் வளர்க்கும்படி புத்தி சொல்லி அனுப்பினோம். மூன்று மாதம் கழித்து அந்தத் தாய் மறுபடியும் வந்தார்கள். பையனுடைய முதுகிலும் கால்களிலும் தழும்புகள். மாலை வேளைகளில் அவனைக் கட்டில் காலோடு கட்டிவைத்திருந்தார்கள். "நீங்க சொன்னபடிதான் ஐயா செஞ்சோம். இன்னும் மோசமாத்தான் ஆயிட்டான்" என்றார்கள். அன்றைக்கு அவர்களைக் குழந்தைகள் பிரிவுக்கு நாங்களே அழைத்துச்சென்றோம். மருத்துவர் சொன்னதை அந்தத் தாயோடு உட்கார்ந்து நாங்களும் கேட்டுக் கற்றுக்கொண்டோம்.

அந்நாள் முதல் மாற்கு இரண்டாம் அதிகாரத்தை வாசிக்கும்போதெல்லாம் எங்கள் கண் அந்தப் படுக்கையின்மேல் போகிறது. திமிர்வாதக்காரனை நால்வர் சுமந்துவந்தார்கள். ஒருவன் கைவிட்டிருந்தால் படுக்கை சாய்ந்திருக்கும். அந்த நால்வரில் ஒருவரும் அவனைப் பார்த்து, "நீ ஏன் எழுந்து நடக்கவில்லை?" என்று கடிந்துகொண்டதாக வேதத்தில் இல்லை.

இது என்ன நிலை?

லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் 1902-ஆம் ஆண்டு இப்படிப்பட்ட பிள்ளைகளைப்பற்றி மருத்துவர்கள் முன்பாக விரிவுரை செய்தார். 'ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறை' என்று அவர் பெயரிட்டார். என்றாலும் புத்தியில் குறைவில்லாத பிள்ளைகளிடத்திலும் இதைக் கண்டார். மருத்துவ உலகமே முதலில் இதை ஒழுக்கக் கண்ணாடி வழியாய்த்தான் பார்த்தது. இன்றைக்கு, இது மூளையின் வளர்ச்சியைச் சேர்ந்த ஒரு நிலை என்றும், பெரும்பாலும் பரம்பரையாய் வருகிறது என்றும் அறிந்திருக்கிறோம். உலக அளவில் 100 பிள்ளைகளில் ஏறத்தாழ 5 பேருக்கு இது உண்டு. பையன்களில் அதிகமாய்க் கண்டுபிடிக்கப்படுகிறது. பெண் பிள்ளைகள் பலர் துள்ளாமல், கனவு காண்பவர்கள்போல் உட்கார்ந்திருப்பதால் கவனிக்கப்படாமல் போகிறார்கள். இனிப்பு தின்பதால் இது வருவதில்லை. தாயின் வளர்ப்பால் வருவதுமில்லை. பேய் பிடித்ததாலும் அல்ல.

இதைக் கண்டுபிடிக்க இரத்தப் பரிசோதனை இல்லை, ஸ்கேனும் இல்லை. அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்கவேண்டும். குறைந்தது 6 மாதம் நீடித்திருக்கவேண்டும். வீட்டிலும் பள்ளியிலும் என இரண்டு இடங்களிலாவது காணப்படவேண்டும். காது, கண், தூக்கம், வலிப்பு ஆகியவற்றையும் மருத்துவர் பார்ப்பார். காது மந்தமான பிள்ளையும் சொல் கேளாத பிள்ளைபோல்தான் தோன்றும். ஆகவே நல்ல பரிசோதனைக்கு விலையுயர்ந்த இயந்திரம் தேவையில்லை. ஒரு மருத்துவர் ஒரு மணி நேரம் பொறுமையாய்க் கேட்பதே தேவை.

1. முதலாம் முனை: பெற்றோர்

ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு மருந்துக்கு முன்பாகப் பெற்றோர் பயிற்சியையே மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள். பெரிய பிள்ளைகளுக்கும் அது தேவை. அதன் சாரம் எளியது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு கட்டளை. அதையும் தூரத்திலிருந்து கத்தாமல், அருகில் வந்து, முகம் பார்த்துச் சொல்லவேண்டும். எழும்புவது, குளிப்பது, சாப்பிடுவது, படிப்பது தினமும் ஒரே வரிசையில் நடக்கவேண்டும். வீட்டுப்பாடத்தைப் பத்துப் பத்து நிமிடமாய்ப் பிரித்து, நடுவே எழுந்து ஓட இடங்கொடுக்கவேண்டும். நல்லது செய்தால் அந்த நிமிடமே பாராட்டவேண்டும். இந்தப் பிள்ளைகளுக்கு அடுத்த வாரப் பரிசு வெகுதூரத்தில் இருக்கிறது.

மேலே சொன்ன தாய் ஒரு காலி டப்பாவும் ஒரு பிடி புளியங்கொட்டையும் எடுத்துக்கொண்டார்கள். சொன்ன வேலையை முடித்தவுடன் டப்பாவில் ஒரு கொட்டை. பத்துக் கொட்டை சேர்ந்தால் மாலையில் கூடுதலாய் அரைமணி நேரம் கிரிக்கெட். போட்ட கொட்டையைத் திரும்ப எடுப்பதில்லை. லாரியில் சுமை ஏற்றும் தகப்பன் முதலில் நகைத்தார். பின்பு இரவில் மகனோடு உட்கார்ந்து கொட்டைகளை எண்ணுவது அவருடைய வேலையாயிற்று. இதற்குச் செலவு ஒன்றுமில்லை.

2. இரண்டாம் முனை: ஆசிரியர்

முன் பெஞ்சில், ஜன்னலுக்கும் கதவுக்கும் தூரமாய் ஓர் இடம். கரும்பலகை துடைக்கவும், நோட்டுகளைக் கொடுக்கவும் ஒரு பொறுப்பு. நீண்ட பாடத்தைச் சிறு பகுதிகளாக்குதல் ஆகிய மூன்றும் நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பிலும் கூடும். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பிள்ளைகளை அடிப்பதையும் மனரீதியாய்த் துன்புறுத்துவதையும் தடைசெய்கிறது. தொடக்கக் கல்வி முடியும்வரை பள்ளியிலிருந்து நீக்குவதையும் தடைசெய்கிறது. பெற்றோர் அநேகர் இதை அறியார்கள்.

3. மூன்றாம் முனை: மருத்துவம்

மெத்தில்ஃபெனிடேட் என்ற மருந்து பெரும்பாலான பிள்ளைகளுக்கு நல்ல பலன் தருகிறது. அது நோயை அகற்றிவிடுவதில்லை. கண்ணாடி கண்ணுக்கு உதவுவதுபோல் அந்தந்த நாளுக்கு உதவுகிறது. பசி குறைதல், தூக்கம் கெடுதல் ஆகியவை நேரிடலாம். ஆகவே எடை, உயரம், நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் இவற்றை அவ்வப்போது பார்க்கவேண்டும். சட்டப்படி கட்டுப்படுத்தப்பட்ட மருந்தாகையால் மருத்துவரின் சீட்டு இல்லாமல் கொடுக்கக்கூடாது. எல்லாக் கடைகளிலும் கிடைப்பதுமில்லை. ஞாபகசக்தி டானிக்குகளை வாங்கிப் பணத்தை வீணாக்கவேண்டாம் என்று பெற்றோரைக் கேட்டுக்கொள்ளுகிறோம்.

ஏழைக் குடும்பங்களுக்கு அரசின் உதவிகளும் உண்டு. 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத்திட்டத்தின்படி மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் சென்று பரிசோதிக்கின்றன. பார்க்கப்படும் நிலைகளில் ஏ.டி.எச்.டி.யும் ஒன்று. மேல்சிகிச்சைக்கு மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் உள்ளன. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இலவசமாய் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். ஒன்றைக் கவனிக்கவேண்டும்: 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிடும் 21 வகைகளில் ஏ.டி.எச்.டி. தனியாக இல்லை. ஆனால் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு ஆகியவை இருக்கின்றன. இந்தப் பிள்ளைகளில் பலருக்குக் கற்றல் குறைபாடும் சேர்ந்திருக்கிறபடியால், முழுப் பரிசோதனை செய்து உரிய சான்றிதழ் பெறுவது சலுகைகளுக்கு வழிதிறக்கும்.

4. நான்காம் முனை: சபை

எங்களைப்போன்ற போதகர்கள் அதிகமாய்த் தவறுவது இங்கேதான். நீதிமொழிகள் பேசும் பிரம்பை மட்டும் நினைத்து, இருபத்துமூன்றாம் சங்கீதத்தில் மேய்ப்பனுடைய கோல் ஆட்டைத் தேற்றுகிறது என்பதை மறந்துபோகிறோம். சிட்சை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. எல்லையும் ஒழுங்கும் மற்றப் பிள்ளைகளைவிட இவர்களுக்கு அதிகமாய் வேண்டும். ஆனால் அடக்கக்கூடாததை அடக்கவில்லை என்று அடிப்பது, கண்பார்வை குறைந்த பிள்ளையைக் கரும்பலகை தெரியவில்லை என்பதற்காக அடிப்பதுபோலாகும்.

பேதுருவை நினைத்துப்பாருங்கள். யோசிக்குமுன் பேசினான், கடலில் குதித்தான், பட்டயத்தை உருவினான். அவனுக்கு இந்நிலை இருந்தது என்று நாங்கள் சொல்லத்துணியோம். ஆனாலும் ஆண்டவர் அவனைத் தள்ளிவிடவில்லை. கரையில் அவனுக்கு உணவு ஆயத்தம்பண்ணி, ஒரே கேள்வியை மூன்றுதரம் பொறுமையாய்க் கேட்டு, ஒரு பொறுப்பையும் கொடுத்தார்.

ஆராதனையில் பிள்ளை ஓடும்போது தாயைத் திரும்பிப் பார்க்காதிருப்பதே ஒரு ஊழியம். ஒரு சனிக்கிழமை மாலை அந்தப் பிள்ளையை இரண்டு மணி நேரம் பார்த்துக்கொள்ளுவது இன்னொரு ஊழியம்.

கூரை யாருடையது?

கப்பர்நகூமில் அந்த நால்வர் கூரையைப் பிரித்தார்கள். அதைத் திரும்ப வேய யாரோ செலவு செய்திருக்கவேண்டும். அவருடைய பெயர் எழுதப்படவில்லை. பங்காளர்களே, உங்கள் காணிக்கைகள் அந்தக் கூரையைப் போன்றவை. கட்டிடத்துக்கும் கருவிக்கும் கொடுத்தால் பெயர்ப்பலகை வைக்கலாம். இந்தப் பணியில் பலகை மாட்ட இடமில்லை. பெற்றோர் வகுப்புக்கு வரும் தாய்க்குப் பஸ் கட்டணமும் போன நாள் கூலியும், வீடுகளைச் சந்திக்கும் ஒரு ஊழியரின் சம்பளமும், மாதந்தோறும் மருந்தும் தேவை. இவற்றில் ஒன்று நின்றாலும் பிள்ளை சிகிச்சையைப் பாதியில் விட்டுவிடுகிறான்.

அந்தப் பையன் இப்போது பத்தாம் வகுப்பு படிக்கிறான். இன்னும் துடியானவன்தான், கணக்கில் தடுமாறுகிறான், சட்டைப் பொத்தான் ஒன்றாவது எப்பொழுதும் கழன்றிருக்கும். அவனுடைய தாய் புதிதாய் வரும் தாய்மார்களுக்குப் புளியங்கொட்டை டப்பாவைக் காட்டிக் கற்றுக்கொடுக்கிறார்கள். நாங்கள் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டோம். "நீங்களும் கத்துக்கிட்டீங்கல்ல ஐயா" என்று மட்டும் சொன்னார்கள்.

சிந்தனைக்கு:

1. நமது சபையில் இப்படிப்பட்ட பிள்ளை ஒன்று உண்டா? அதன் தாயிடம் கடைசியாக நாம் பேசியது கடிந்துகொள்ளவா, தேற்றவா?

2. படுக்கையின் நான்கு முனைகளில் எதை நாம் பிடிக்கக்கூடும்?

ஜெபிப்போம்: பெற்றோர் வகுப்புக்காகவும், வகுப்பறையில் பாடுபடும் ஆசிரியர்களுக்காகவும், இன்னும் கட்டில் காலோடு கட்டப்பட்டிருக்கும் பிள்ளைகளுக்காகவும்.

கர்த்தர் தாமே உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக.

அவருடைய பணியில்,
மருத்துவமனை ஆயர்