அஞ்சு மைலுக்குள் இருக்கிற அழகு
(அறை, கடை அலங்காரத்துக்குக் கடன் வாங்கும் முன் படிக்க வேண்டிய பாடம்)



சேர்வராயன் மலையில் நம்ம குழுக்களுக்கு இப்போ அடிக்கடி வருகிற கடன் மனு ஒன்று உண்டு. "வீட்டுல ஒரு அறை சும்மாத்தான் கிடக்கு. ஏற்காட்டுக்கு வர்றவங்களுக்கு விடலாம்னு இருக்கோம். கொஞ்சம் டெக்கரேஷன் பண்ணணும்" என்று கேட்கிறார்கள். சிலர் டீக்கடைக்குக் கேட்கிறார்கள். சிலர் காபித்தூள், மிளகு விற்கும் கடைக்குக் கேட்கிறார்கள். ஆசை நியாயமானதுதான். மே மாதம் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் நடக்கும்போது மலையில் எவ்வளவு கூட்டம் வருது என்று எல்லாருக்கும் தெரியும்.

ஆனால் மனுவில் எழுதியிருக்கிற சாமான்களைப் பாருங்க. சுவரை மறைக்க பிளாஸ்டிக் ஷீட், ஒட்டுகிற வால்பேப்பர், பிளாஸ்டிக் பூங்கொத்து, கலர் சீரியல் லைட். எல்லாமே கீழே சேலத்தில் வாங்குவது. கடன் பணம் ஒரே நாளில் மலை இறங்கிப் போயிடுது. தவணை மட்டும் மலையிலேயே நம்மகூட இருக்குது. அதனால்தான் இந்த மாதம் அலங்காரத்தையே பாடமாக எடுத்துக்கொண்டோம்.

1. அஞ்சு மைல் கணக்கு

லாரி பேக்கர் என்று ஒரு கட்டடக் கலைஞர் இருந்தார். 1917-ல் இங்கிலாந்தில் பிறந்து, இந்தியாவுக்கு வந்து, திருவனந்தபுரத்தில் ஏழைகளுக்கும் நடுத்தர மக்களுக்கும் குறைந்த செலவில் நிறைய வீடுகள் கட்டினார். 1990-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2007-ல் காலமானார். 1940-களில் காந்தியடிகளைச் சந்தித்தபோது கேட்ட ஒரு கருத்தை அவர் கடைசிவரை சொல்லி வந்தார். ஒரு நல்ல வீட்டுக்கான பொருள்கள் அந்த இடத்தைச் சுற்றி அஞ்சு மைலுக்குள் கிடைக்க வேண்டும் என்பதே அது.

அஞ்சு மைல் என்றால் ஏறக்குறைய 8 கிலோமீட்டர். நம்ம ஊரைச் சுற்றி அந்தத் தூரத்துக்குள் என்னென்ன இருக்கு என்று முதலில் எண்ணிப் பார்ப்போம். அங்கே கிடைக்காததை மட்டும் வெளியே வாங்குவோம். அலங்காரத்துக்கு இதுதான் முதல் விதி.

2. முதலில் ஈரத்தைப் பாருங்க

ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். மழை, பனி, மூடுபனி மூன்றும் உண்டு. சமவெளி வீட்டுக்குச் சரிப்படுகிற அலங்காரம் இங்கே சரிப்படாது. ஈரச் சுவர் மேல் பிளாஸ்டிக் ஷீட் அடித்தால் ஈரம் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே நிற்கும். ஷீட்டுக்குப் பின்னால் கறுப்புப் பூசணம் பிடிக்கும். வால்பேப்பர் ஓரம் ஓரமாக உரியும். அறைக்குள் நுழைந்ததுமே நாத்தம் அடித்தால், எத்தனை பூ வைத்தாலும் வந்தவங்க மறுபடி வரமாட்டாங்க. ஆஸ்துமா, சளித் தொந்தரவு உள்ள நம்ம பிள்ளைகளுக்கும் அந்தப் பூசணம் ஆகாது.

செய்ய வேண்டியவை:
• ஓடு ஒழுகுதா, சுவரடியில் மழைத் தண்ணி தேங்குதா என்று பார்த்து முதலில் அதைச் சரிசெய்யணும்.
• பனி விலகி வெயில் வந்ததும் ஜன்னலைத் திறந்து வைக்கணும். எதிரெதிராகக் காற்று போக வழி வேணும்.
• கட்டில், பீரோவைச் சுவரை ஒட்டிப் போடாமல் ஒரு சாண் இடைவெளி விடணும்.
• இருட்டு அறை என்றால் கூரையில் ஒன்றிரண்டு கண்ணாடி ஓடு மாற்றணும். பகல் வெளிச்சத்துக்கு கரண்ட் பில் கிடையாது.

3. சுண்ணாம்பு வேலை

மண் சுவர், செங்கல் சுவர் எதுவானாலும் சுண்ணாம்பு நல்லது. அது ஈரத்தை உள்ளே அடைத்து வைக்காது. அதன் காரத்தில் பூசணமும் சீக்கிரம் பிடிக்காது. வெள்ளைச் சுவர் வெளிச்சத்தைத் திருப்பித் தரும், சின்ன அறையும் பெரிதாகத் தெரியும்.

செய்முறை: இரும்பு டிரம்மில் முதலில் தண்ணி ஊற்றி, அதில் கல் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடணும். சுண்ணாம்பு மேல் தண்ணியைக் கொட்டக்கூடாது. கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பிளாஸ்டிக் வாளி சூட்டில் இளகிவிடும். பிள்ளைகளைக் கிட்டே விடாதீங்க. இரண்டு நாள் ஊறவிட்டு, துணியில் வடிகட்டி, மோர் பதத்துக்குக் கரைக்கணும். ஒட்டுவதற்கு வஜ்ரம் காய்ச்சிச் சேர்க்கலாம். சுவரைத் தேய்த்துக் கழுவி, லேசாக நனைத்து, மெல்லிசாக மூன்று கை அடிக்கணும். ஒரு கை காய்ந்த பிறகே அடுத்த கை. கீழே இரண்டடிக்குக் காவிப் பட்டை அடித்தால் அழுக்கு தெரியாது, பார்க்கவும் லட்சணமாக இருக்கும். ஏற்கெனவே பெயிண்ட் அடித்த சுவரில் சுண்ணாம்பு ஒட்டாது. அதைச் சுரண்டி எடுத்த பிறகே அடிக்கணும்.

பழைய பெயிண்டைச் சுரண்டுவதிலும் கவனம் வேணும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம் அளவுக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்டில் ஈயம் அதிகம் இருக்கலாம். அந்தத் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். அதனால் நனைத்துச் சுரண்டுங்க, மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்க. புதுப் பெயிண்ட் வாங்கினால் டப்பாவில் ஈயம் பற்றி என்ன போட்டிருக்கு என்று படிச்சுப் பாருங்க.

4. நம்மிடம் இருக்கிற பொருள்கள்

காபிக் கட்டை: வயசான காபிச் செடியை எடுக்கும்போது கிடைக்கிற அடிமரம் கெட்டியானது. முறுக்கும் வளைவுமாக இருப்பதே அதற்கு அழகு. தேய்த்து எண்ணெய் பூசினால் துணி மாட்டுகிற முளை, ஸ்டூல் கால், விளக்குத் தண்டு எல்லாம் செய்யலாம்.

உண்ணிச்செடி: ஆட்டுக்கும் மாட்டுக்கும் ஆகாத களை என்று வெட்டி எறிகிறோம். பக்கத்தில் கர்நாடகாவில் மாதேஸ்வரன் மலையில், ஏட்ரீ என்ற நிறுவனம் 2004 முதல் சோளகர் முதலான மக்களுக்குப் பயிற்சி கொடுத்து, இதே செடியில் நாற்காலி, அலமாரி, கூடை செய்ய வைத்தது. குச்சியைத் தண்ணியில் வேகவைத்து, பட்டை உரித்து, சூடாக இருக்கும்போதே வளைத்துக் கட்டுகிறார்கள். கூடலூர் பக்கத்துப் பழங்குடி மக்கள் உண்ணிக் குச்சியில் செய்த ஆளுயர யானைகள் 2021-ல் லண்டன் பூங்காக்களில் நின்றன. களை என்று நாம் எரிப்பதை அங்கே விலை கொடுத்து வாங்கினார்கள்.

செடி, பூ: பெரணி, பிகோனியா, ஜெரேனியம் நம்ம வாசலிலேயே வளரும். மண் தொட்டியில் வைத்தால் போதும். காட்டிலிருந்து ஆர்க்கிட் பிடுங்கி வந்து மாட்டாதீங்க. காப்புக்காட்டில் எடுப்பது சட்டப்படி குற்றம். இடம் மாறினால் பெரும்பாலும் செடியும் பிழைக்காது. ஆர்க்கிட் பார்க்க விரும்பும் விருந்தினரை ஏற்காட்டில் உள்ள தாவரவியல் ஆய்வுத் துறையின் ஆர்க்கிட் தோட்டத்துக்கு அனுப்புங்க.

துணி: இது அஞ்சு மைலுக்கு வெளியேதான். இருந்தாலும் பவானி ஜமுக்காளமும் சென்னிமலைப் போர்வையும் நம்மைப் போன்ற குடும்பங்களின் கைத்தறி உழைப்பு. பவானி ஜமுக்காளத்துக்குப் புவிசார் குறியீடு இருக்கு. கட்டிலில் ஒன்று, சுவரில் ஒன்று போட்டால் வேறு படமே வேண்டாம். பழைய காட்டன் சேலையில் நம்ம கையால் தைத்த மெத்தை விரிப்பும் அழகுதான்.

5. கடைக்கு என்ன வேணும்?

கடை அலங்காரத்துக்கு ஒரே சோதனை போதும். ரோட்டில் போகிறவர் மூன்று விஷயத்தைச் சட்டென்று தெரிஞ்சுக்கணும்: என்ன கடை, என்ன விலை, சுத்தமா இருக்கா? பெயர்ப் பலகையில் இரண்டு நிறம் போதும். எழுத்து பெரிசா இருக்கணும். காபிக் கொட்டை, மிளகு, கிராம்பை மூடிபோட்ட கண்ணாடி ஜாடியில் வைத்தால் சரக்கே அலங்காரமாகிவிடும். விலைப் பட்டியலையும், உணவுக் கடை என்றால் உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவுச் சான்றையும் கண்ணில் படுகிற இடத்தில் மாட்டணும்.

பிளாஸ்டிக் கொடி, பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப், தெர்மாகோல் கப் எல்லாம் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. தோரணம் வேணும் என்றால் துணித் துண்டிலோ ஓலையிலோ கட்டுங்க. டீயைக் கண்ணாடி டம்ளரில் கொடுங்க.

6. உயிருக்கு ஆபத்தான அலங்காரம்

குளிருக்கு இதமா இருக்கட்டும் என்று மூடிய அறைக்குள் கரி அடுப்போ கணப்போ வைக்கவே கூடாது. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போயிடும். விருந்தினர் கேட்டாலும் "வெளியே முற்றத்துல உட்காருங்க" என்று சொல்லிவிடணும். கூடுதலாக ஒரு கம்பளி கொடுங்க. சீரியல் லைட் வயரைத் துணிக்குப் பின்னால் மறைக்காதீங்க. ஈரச் சுவரில் ஷாக் அடிக்கும். எர்த் சரியா இருக்கா என்று மின்பணியாளரை வைத்துப் பார்க்கணும்.

7. கடன் கணக்கு

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். குழுவில் 20,000 ரூபாய் கடன், மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி, 20 தவணை. முதல் மாதம் அசல் 1,000, வட்டி 200, ஆக 1,200 ரூபாய். குறைகிற அசலுக்கு மட்டும் வட்டி என்றால் 20 மாதத்தில் மொத்த வட்டி 2,100 ரூபாய். ஒரு ராத்திரிக்குச் செலவு போக 600 ரூபாய் கையில் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், தவணைக்கு மாதம் இரண்டு ராத்திரி ஆள் வரணும். மே மாதம் வருவாங்க. ஜூலை மழையில்? அந்த மாதத் தவணை எங்கிருந்து வரும் என்ற பதிலையும் மனுவோடு எழுதிக் கொடுங்க.

8,000 ரூபாயில் முடிகிற வேலைக்கு 20,000 கடன் எதுக்கு? ஒழுகல் சரிசெய்ய, சுண்ணாம்பு, கண்ணாடி ஓடு, போர்வை என்று பட்டியல் போடுங்க. மிச்சத்தை அடுத்த சகோதரி எடுக்கட்டும். அறையை வாடகைக்கு விடும் முன் ஊராட்சியிலும் சுற்றுலாத் துறையிலும் பதிவு விவரம் கேட்டுக்கொள்வது அவசியம்.

வந்து தங்குகிறவர் நகரத்து லாட்ஜைத் தேடி மலை ஏறி வரலை. அதை அவர் ஊரிலேயே பார்த்திருப்பார். சுத்தமான வெள்ளைச் சுவர், காய்ந்த படுக்கை, ஜன்னலில் காபித் தோட்டம், ஒரு டம்ளர் சூடான காபி. இதைத்தான் நம்மால் கொடுக்க முடியும், இதுக்குத்தான் அவர் காசு கொடுக்கிறார்.

கூட்டத்தில் பேசுங்க:
1. நம்ம ஊரைச் சுற்றி அஞ்சு மைலுக்குள் அலங்காரத்துக்கு உதவும் பொருள்கள் எவை? பத்து பெயர் எழுதுங்க.
2. சுண்ணாம்பு அடிக்க, கூடை முடைய, தைக்கத் தெரிந்த உறுப்பினர் யார் யார்? ஒருவர் வீட்டு வேலைக்கு மற்றவருக்குக் கூலி கிடைக்கும்படி செய்ய முடியுமா?
3. இனி அலங்காரக் கடன் மனுவோடு ஈரம், மின்சாரம், மழைக்காலத் தவணை ஆகிய மூன்றுக்கும் பதில் எழுதித் தரணும் என்று தீர்மானம் போடலாமா? ஊக்குநரும் பிரதிநிதியும் பேசி முடித்துத் தீர்மானப் புத்தகத்தில் பதிவு செய்யவும்.