தோட்டத்திற்கு எந்த வாகனம்?

பேராக் மாநிலத்தின் சிற்றூர் ஒன்றில் 4 ஹெக்டர் செம்பனைத் தோட்டம் வைத்திருக்கும் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். முப்பது ஆண்டுகளாகத் தள்ளுவண்டியிலேயே குலைகளைத் தள்ளிய தாத்தாவுக்கு இப்போது முழங்கால் வலி. தோட்ட வேலைக்கு வாகனம் ஒன்று வாங்கலாம் என்று அப்பா பணம் சேர்த்து வைத்திருக்கிறார். இரவு உணவின்போது பேச்சு தொடங்குகிறது.

“பழைய பிக்கப் வண்டி ஒன்று வாங்கிவிடலாம். நான்கு சக்கர இயக்கம் உள்ளதாக இருந்தால் எங்கும் போகும்,” என்கிறார் அப்பா.

“ஏடிவி வாங்குங்கள், அப்பா! தோட்ட வேலைக்கும் ஆகும், ஞாயிற்றுக்கிழமை குளத்துப் பக்கம் ஓட்டிப் போகவும் ஆகும்,” என்கிறான் ஐந்தாம் படிவத்தில் படிக்கும் மகன்.

அதுவரை அமைதியாக இருந்த தாத்தா சொல்கிறார்: “வண்டியை அப்புறம் பார்க்கலாம். முதலில் வேலையைப் பாருங்கள். நமக்கு எந்த இடத்தில் சிரமம் என்று தெரிந்தால், எந்த வண்டி வேண்டும் என்பது தானாகத் தெரியும்.”

தாத்தாவின் சொல்லில் ஆழ்ந்த பொருள் இருக்கிறது. ஒரு பொருளை வாங்கும் முன் அதன் அழகையோ விளம்பரத்தையோ பார்ப்பது எளிது. நம் தேவையை அளந்து பார்ப்பதுதான் கடினம். அந்தக் குடும்பத்தோடு சேர்ந்து நாமும் அளந்து பார்ப்போம்.

மலேசியாவில் செம்பனை வணிகப் பயிராக முதன்முதலில் 1917-ஆம் ஆண்டு சிலாங்கூரிலுள்ள தென்னமாரம் தோட்டத்தில் பயிரிடப்பட்டது. அன்று முதல் இன்று வரை இப்பயிரின் இயல்பு ஒன்று மாறவில்லை. குலையை வெட்டியதும் பழத்திலுள்ள லைபேஸ் எனும் நொதி, எண்ணெயைச் சிதைக்கத் தொடங்குகிறது. பழம் அடிபட்டால் இச்சிதைவு இன்னும் விரைவாகும். அதனால், வெட்டிய குலைகளை 24 மணி நேரத்திற்குள் ஆலையில் பதப்படுத்துவது நல்லது. தாமதமானால் எண்ணெயின் தரம் குறையும். உழைப்புக்கேற்ற விலையும் கிடைக்காது. ஆகவே, வாகனம் என்பது இங்கே வசதிக்கான பொருள் மட்டுமன்று. குடும்ப வருமானத்தைக் காக்கும் கருவியும் ஆகும்.

இனி, சிறு கணக்கு ஒன்றைப் போடுவோம். ஒரு ஹெக்டரில் ஆண்டுக்கு 18 டன் குலைகள் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். 4 ஹெக்டருக்கு 72 டன். பதினைந்து நாளுக்கு ஒருமுறை அறுவடை செய்தால், ஆண்டுக்கு ஏறக்குறைய 24 முறை. அப்படியானால், ஒவ்வோர் அறுவடையிலும் 3 டன் குலைகளை வெளியே கொண்டு வர வேண்டும். ஒரு குலை 20 கிலோ என்றால், மொத்தம் 150 குலைகள். தள்ளுவண்டியில் ஒரு முறைக்கு 5 குலைகள் ஏற்றினால் 30 முறை போய்வர வேண்டும். முழங்கால் வலிக்கக் காரணம் இப்போது புரிகிறதல்லவா?

இந்தப் பயணத்தில் இரண்டு கட்டங்கள் உள்ளன என்பதையும் கவனிக்க வேண்டும். முதலாவது, மரத்தடியிலிருந்து தோட்டத்தின் ஓரச் சாலை வரை. இரண்டாவது, அங்கிருந்து குலை சேகரிப்பு மையம் அல்லது ஆலை வரை. முதல் கட்டத்தில் ஏறக்குறைய 9 மீட்டர் இடைவெளியில் நிற்கும் மரங்கள், வெட்டி அடுக்கிய மட்டைகள், மழைநீர் ஓடும் கால்வாய்கள், சேறு ஆகியவற்றைக் கடக்க வேண்டும். இரண்டாம் கட்டம் பொதுச் சாலை. ஒரு கட்டத்திற்குப் பொருந்தும் வாகனம் மற்றொன்றுக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது.

பிக்கப் வண்டி ஏறக்குறைய 1 டன் சுமக்கும். மூன்றே முறையில் வேலை முடிந்துவிடும். பொதுச் சாலையிலும் போகலாம். குடும்பத்தோடு வெளியூர் செல்லவும் உதவும். ஆனால், வண்டியின் எடையே ஏறக்குறைய 2 டன். மழைக்காலத்தில் மென்மையான மண்ணில் அது புதைந்துவிடும். அடிக்கடி மரங்களுக்கிடையே ஓடினால் மண் இறுகி, வேர்களுக்கு நீரும் காற்றும் செல்வது குறையும்.

ஏடிவி என்பது மோட்டார் சைக்கிளைப் போல் கால்களை இருபுறமும் போட்டு அமர்ந்து, கைப்பிடியைப் பிடித்து ஓட்டும் நான்கு சக்கர வாகனம். எடை குறைவு, அகலமான, காற்றழுத்தம் குறைந்த சக்கரங்கள் இருப்பதால் சேற்றில் எளிதில் புதையாது. ஆயினும், அதன் முன்னும் பின்னும் உள்ள தாங்கிகளில் ஏற்றக்கூடிய சுமை மிகக் குறைவு. வேலியைச் சுற்றிப் பார்க்கவும் உரமூட்டை ஒன்றை எடுத்துச் செல்லவும் அது போதும்; 150 குலைகளுக்குப் போதாது.

யூடிவி எனப்படும் வாகனம் இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. இதில் இருவர் அருகருகே அமரலாம். கார்களில் உள்ளது போன்ற திசைமாற்றி, இருக்கை வார், தலைக்கு மேல் இரும்புச் சட்டம், பின்னால் சுமைத் தொட்டி ஆகியவை இருக்கும். தொட்டியில் ஏறக்குறைய 200 முதல் 500 கிலோ வரை ஏற்றலாம். 300 கிலோ என்று கொண்டால் பத்து முறையில் வேலை முடியும். இவை தவிர, இழுவைத் தொட்டியுடன் கூடிய சிறிய டிராக்டரும் உண்டு. அது நிறைய சுமக்கும். ஆனால், மெதுவாகச் செல்லும். ஓட்டுநர் ஒருவர் மட்டுமே அமர முடியும். பெரிய தோட்டங்களுக்கு அது ஏற்றது.

சட்டத்தையும் மறந்துவிடலாகாது. ஏடிவி நம் நாட்டின் பொதுச் சாலைகளில் ஓட்ட அனுமதிக்கப்பட்ட வாகனம் அன்று. யூடிவியும் சாலைக்கு வெளியே ஓடுவதற்காகவே உருவாக்கப்பட்டது. ஆகவே, தோட்டத்திற்கும் ஆலைக்கும் இடையே பொதுச் சாலை இருந்தால், அங்கே பிக்கப் அல்லது லாரிதான் வேண்டும். பிக்கப் ஓட்ட ‘டி’ உரிமம் தேவை. அதனைப் பெற 17 வயது நிறைந்திருக்க வேண்டும்.

எல்லாவற்றிற்கும் மேலானது உயிர்ப் பாதுகாப்பு. அறிவியல் பாடத்தில் ஈர்ப்பு மையத்தைப் பற்றிப் படித்திருப்பீர்கள். ஒரு பொருளின் ஈர்ப்பு மையம் உயரமாகவும் அடிப்பகுதி குறுகலாகவும் இருந்தால் அது எளிதில் கவிழும். ஏடிவி குறுகலானது; ஓட்டுநர் உயரத்தில் அமர்கிறார். மேட்டிலும் வளைவிலும் அவர் உடலைச் சாய்த்துச் சமநிலையைக் காக்க வேண்டும். பின்னால் இன்னொருவர் அமர்ந்தால் அவ்வாறு அசைய இடமிருக்காது. ஒருவருக்கான ஏடிவியில் இருவர் ஏறக்கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

வரலாறும் இதையே கற்பிக்கிறது. 1970-இல் ஹோண்டா நிறுவனம் விற்பனைக்குக் கொண்டு வந்த ஏடிவிக்கு மூன்றே சக்கரங்கள். அத்தகைய வண்டிகள் கவிழ்ந்து பலர் காயமடைந்ததால், 1988-இல் அமெரிக்காவில் புதிய மூன்று சக்கர ஏடிவிகளின் விற்பனை முடிவுக்கு வந்தது. நான்கு சக்கரங்கள் வந்த பிறகும் ஆபத்து முழுமையாக நீங்கவில்லை. ஆஸ்திரேலியாவில் 2021 அக்டோபர் முதல், பண்ணை வேலைக்கான புதிய ஏடிவிகளில் ஓட்டுநரைக் காக்கும் சட்டம் பொருத்தப்பட்டிருக்க வேண்டும் என்பது கட்டாயமாயிற்று. பெரியவர்களுக்கான ஏடிவியை 16 வயதுக்குக் குறைந்தோர் ஓட்டக்கூடாது எனத் தயாரிப்பாளர்களே எச்சரிக்கின்றனர்.

யூடிவியிலுள்ள இரும்புச் சட்டமும் தானாக நம்மைக் காப்பாற்றிவிடாது. வண்டி கவிழும்போது சட்டத்துக்குள் இருப்பவருக்கே அது பாதுகாப்பு. இருக்கை வார் அணியாதவர் வெளியே வீசப்பட்டு, அதே சட்டத்தின் அடியில் சிக்கக்கூடும்.

நம் கற்பனைக் குடும்பம் என்ன முடிவெடுத்தது? அடுத்த அறுவடை நாளில் மகன் ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு, எந்த வேலைக்கு எவ்வளவு நேரமாகிறது என்று எழுதினான். தோட்டத்தின் ஓரச் சாலைக்கு வணிகரின் லாரி வழக்கம்போல் வந்துவிட்டது. நேரமும் உழைப்பும் கரைந்தது மரத்தடியிலிருந்து அச்சாலை வரும் வரையில்தான். குடும்பத்தாரின் பயணத்திற்கு வீட்டில் ஒரு கார் ஏற்கெனவே இருந்தது. ஆகவே, பிக்கப் தேவைப்படவில்லை. பழைய யூடிவி ஒன்றைத் தேடலாம் என்று முடிவாயிற்று.

வாங்கும் முன் அப்பா சிலவற்றைக் கவனித்தார். அடிச்சட்டத்தில் விரிசல், துரு உண்டா? இருக்கை வார்கள் சரியாகப் பூட்டுகின்றனவா? நிறுத்தி வைத்திருந்த இயந்திரம் உடனே இயங்குகிறதா? உதிரிபாகம் அருகிலுள்ள பட்டணத்தில் கிடைக்குமா? வண்டியின் விலையோடு எரிபொருள், சக்கரங்கள், பழுதுபார்ப்பு ஆகியவற்றின் செலவையும் கூட்டிப் பார்த்தார். ‘விரலுக்கேற்ற வீக்கம்’ வேண்டும் அல்லவா?

“ஞாயிற்றுக்கிழமை குளத்துக்குப் போகலாமா, அப்பா?” என்று மகன் கேட்டான்.

“போகலாம். நான் ஓட்டுகிறேன். தலைக்கவசம் போட வேண்டும். வாரைப் பூட்ட வேண்டும். தொட்டியில் யாரும் ஏறக்கூடாது. சம்மதமா?” என்றார் அப்பா.

மகன் தலையசைத்தான். தூண்டிலை எடுத்து வந்த தாத்தா, முதல் ஆளாகப் பக்கத்து இருக்கையில் அமர்ந்து வாரைப் பூட்டினார். முப்பது ஆண்டுகள் தள்ளுவண்டியோடு நடந்த அதே வரப்பில், அன்றுதான் அவர் உட்கார்ந்தபடி சென்றார்.

சிந்தித்து விடையளி

1. தோட்டத்திலிருந்து ஆலைக்குச் செல்லும் பயணத்தை இரு கட்டங்களாகப் பிரித்துப் பார்த்தது முடிவெடுக்க எவ்வாறு உதவியது?

2. ஒருவருக்கான ஏடிவியில் இருவர் ஏறக்கூடாது என்பதற்கான காரணத்தை உன் சொந்த நடையில் விளக்குக.

3. குடும்பத்தாரிடம் கார் இல்லாதிருந்து, லாரியும் வராதிருந்தால் அவர்களது முடிவு மாறியிருக்குமா? காரணங்களுடன் எழுதுக.