எரிந்த தெருவில் எழுந்த தாளம்

கேள்வி: ஹிப்-ஹாப் பிறக்க வறுமைதான் காரணமா?

பதில்: பாதிக் காரணம். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியைப் பிளந்துகொண்டு விரைவுச்சாலை போட்டார்கள், ஆயிரக்கணக்கானோர் வீடிழந்தனர். வேலைகள் போயின. 1970களில் கட்டடங்கள் அடுத்தடுத்து எரிந்தன. கிளப்புக்குப் போகக் காசில்லாத பிள்ளைகள் குடியிருப்புக் கூடங்களிலும் பூங்காக்களிலும் ஆடினார்கள்.

மீதிக் காரணம் குடியேற்றம். ஜமைக்காவில் பிறந்த டிஜே கூல் ஹெர்க், 1973 ஆகஸ்ட் 11 அன்று தங்கை ஏற்பாடு செய்த விருந்தில் இசைத்தட்டு சுழற்றினார். ஆட்டம் சூடுபிடிக்கும் தாளப் பகுதியை இரண்டு தட்டுகளைக் கொண்டு நீட்டும் உத்தி அவருடையது. நீண்ட அந்தத் தாளத்தின்மேல் பேச்சு ஏறியது. பேச்சே ராப் ஆனது. 1982இல் ‘தி மெசேஜ்’ என்ற ராப் பாடல் வந்தது. அதுவரை பெரும்பாலும் கொண்டாட்டத்தைப் பாடிய ராப், தெருவின் அவலத்தையும் உரக்கச் சொல்லத் தொடங்கியது.